மூன்றாவது கோலும் ஒரு பச்சைத் தொப்பியும்

டல்லாஸுக்கு ஐஸ் ஹாக்கி அணி வந்து சேர்ந்த அதே வருஷம்தான் நானும் வந்து சேர்ந்தேன். தொண்ணூற்று மூன்று. கனடா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குளிர் ஊரிலிருந்து ஆட்டக்காரர்களும் மட்டைகளுமாக மூட்டை கட்டிக்கொண்டு அது வந்தது. நான் தாராபுரம் பக்கத்திலிருந்து இரண்டு சூட்கேஸோடு வந்தேன். அக்டோபரிலும் ஏசி போட்டுக்கொண்டு தூங்குகிற ஊரில் ஐஸ் மேல் விளையாட ஆள் கூட்டி வந்திருக்கிறார்களே என்று ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டல்லாஸை ஒட்டிய இர்விங்கில் இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்ட். என்னோடு இருந்தவள் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்த நான்கு வருஷமும் ஹாஸ்டலில் என் அறைத்தோழி. ஒரே கம்பெனி எங்கள் இருவரையும் அனுப்பியது, வேறு வேறு ஆபீஸ்களுக்கு. அவள் மெட்ராஸ்காரி. அப்பா பேங்கில் மேனேஜர், அம்மா டீச்சர். அவள் பிறந்தபோதே வீட்டில் ஆங்கில டிக்ஷனரி இருந்தது.

என் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அப்பா ஜின்னிங் மில்லில் பஞ்சுப் பொதி ஏற்றுகிறவர், கைநாட்டு. அம்மா பஸ்ஸை அதன் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்பாள். எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதம், மருந்துச் சீட்டு, ரேஷன் கடைப் பலகை எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். 'தெரியாது' என்று நான் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் கேட்க வேறு ஆளில்லை. அதனால் அந்த ஒரு சொல்லை நான் பழகவே இல்லை.

கல்லூரியில் அவள் எனக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தாள். நான் அவளைக் கணக்கில் தேற வைத்தேன். யாருடனும் சட்டென்று சிரித்துப் பேசுகிறவள் அவள், ஆனால் இரவு விளக்கை அணைத்த பிறகு பேசுவது என்னோடு மட்டும்தான். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. இர்விங்கிலும் முதல் சில மாதங்கள் அப்படியே போயின. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்போம், ரிச்சர்ட்சனில் இருக்கும் இந்தியக் கடைக்குப் போய் பருப்பும் வீடியோ கேசட்டும் வாங்கி வருவோம், சாதம் வெந்ததும் கேசட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவோம். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பழைய கார். ஓட்டுவது அவள், வழி சொல்வது நான்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, தலையில் எண்ணெய் வைக்கும் நேரத்தில் அவள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு நின்றாள்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தி கூப்பிட்டாடி. ஹாக்கி மேட்ச். அவகிட்ட ரெண்டு சீசன் டிக்கெட் இருக்காம்."

"ரெண்டுதானா?"

"ரெண்டுதான்."

கூப்பிட்டவள் முப்பத்தைந்து வயது இருக்கும் ஓர் அமெரிக்கக்காரி. அணி விட்டு வந்த அந்தக் குளிர் ஊர்தான் அவளுக்கும் சொந்த ஊர். வேலைக்காக மூன்று வருஷத்துக்கு முன்பே டல்லாஸ் வந்துவிட்டவள். பின்னாலேயே அவளுடைய அணியும் வந்துவிட்டது. அணியை அவள்தான் டல்லாஸுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள் என்று ஊரில் அவள் அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டானாம். என் தோழி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அந்த அண்ணனைப் புரிந்தது. அந்த அமெரிக்கக்காரிக்கு நான் வடக்கத்தியாள் என்று பெயர் வைத்தேன். நம் ஊரில் வடக்கத்தி என்றால் வேறு ஆட்கள் என்பதால் தோழிக்கும் அது பிடித்துப் போனது. நான் கேலியாகச் சொன்னதை அவள் செல்லமாகச் சொல்லத் தொடங்கினாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வடக்கத்தியாளிடம் ஒரு பச்சைத் தொப்பி இருந்தது. அணி பழைய ஊரில் இருந்த காலத்துத் தொப்பி. செத்துப்போன அவளுடைய அப்பாவுடையது, உள்பட்டையில் அவர் பெயர் பேனாவால் எழுதியிருக்கும். ஒரு நாள் மைதானத்தில் குளிரடிக்கிறது என்று அதை என் தோழியின் தலையில் மாட்டிவிட்டாள். அன்று அணி ஜெயித்தது. அடுத்த முறையும் மாட்டினாள், அடுத்த முறையும் ஜெயித்தது. ராசி என்றால் என்ன என்று என் தோழி அவளுக்கு விளக்கிச் சொன்னாளாம். அதற்குப் பிறகு மேட்ச் நாளில் தொப்பி இவள் தலையில்தான். தேங்காய் எண்ணெய் வாடை போய், திரும்பி வரும்போது அவள் தலையில் பாப்கார்ன் வாடை அடித்தது.

நான் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். இர்விங் பொது நூலகத்துக்கு நடந்தே போய், ஹாக்கி புதிதாகப் பார்ப்பவர்களுக்கு என்று எழுதிய ஒரு புத்தகத்தை எடுத்து வந்தேன். செமஸ்டர் பரீட்சைக்குப் படிப்பதைப் போலப் படித்தேன். நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். ஆஃப்சைட் எது, நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே பந்தை எதிர்முனை வரை அடித்துவிடும் ஐசிங் எது, எந்தத் தப்புக்கு இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வேண்டும், எதற்கு ஐந்து. பந்து என்கிறேன், அது பந்து அல்ல, பக் என்று சொல்கிற கறுப்பு ரப்பர் வில்லை. அதன் எடைகூட எனக்குத் தெரியும். கடைசி அத்தியாயம் பார்வையாளர்களின் வழக்கங்களைப் பற்றியது. ஒரே ஆட்டக்காரர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டால் ரசிகர்கள் தங்கள் தொப்பியைக் கழற்றி ஐஸ் மேல் எறிவார்கள் என்று அதில் இருந்தது. அதையும் எழுதிக்கொண்டேன்.

இத்தனையும் எதற்கு என்றால், 'இப்ப ஏண்டி விசில் அடிச்சாங்க?' என்று அவள் ஒரு தடவை என்னைக் கேட்பாள் என்று. டிவியில் ஆட்டம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. திங்கட்கிழமை ஆபீசில் கேட்டுக்கொள்ள அவளுக்கு ஆள் இருந்தது.

ஜனவரியில் வடக்கத்தியாள் எங்கிருந்தோ மூன்றாவது டிக்கெட் ஒன்று வாங்கி என்னையும் கூட்டிப் போனாள். அன்று அணி தோற்றது.

"உன் ராசிடி," என்றாள் தோழி காரில்.

"அப்ப இனிமே வரலை."

"சும்மா சொன்னேன்டி. எதுக்கெடுத்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத."

பிப்ரவரியில் அபார்ட்மெண்ட் ஆபீஸ்காரர்கள் கதவிடுக்கில் ஒரு காகிதம் செருகிவிட்டுப் போனார்கள். ஏப்ரலில் லீஸ் முடிகிறது, தொடர்வதாக இருந்தால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நான் அன்றைக்கே போட்டேன். அவள் அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

"போடலையா?"

"போடறேன், போடறேன். டைம் இருக்கே."

ஒரு வாரம் கழித்து அவள் போனில் பேசியது காதில் விழுந்தது. வடக்கத்தியாள் பக்கத்து ஊரான காப்பெலில் வீடு வாங்கியிருந்தாள். அங்கே ஓர் அறை காலி. அதன் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து நான் காலையில் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் முதலில் பார்த்தது அந்தக் காகிதத்தின் கீழ்க்கோட்டைத்தான். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் கோடு வெறுமையாக இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகாதே என்று சொல்லியிருக்கலாம். கெஞ்சுவதைவிடக் காத்திருப்பது கௌரவம் என்று நினைத்துவிட்டேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆட்டம். திரும்பவும் மூன்றாவது டிக்கெட் கிடைத்தது. கண்ணாடித் தடுப்பிலிருந்து ஆறாவது வரிசை. நடுவில் என் தோழி, தலையில் பச்சைத் தொப்பி. அந்தப் பக்கம் வடக்கத்தியாள், இந்தப் பக்கம் நான். எங்களைச் சுற்றி கௌபாய் தொப்பியும் பூட்ஸுமாக டெக்சாஸ்காரர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்த வருஷம் ஆட்டமே புதிது. விசில் அடித்தால் மைக்கில் விளக்கம் வரும் வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எனக்கு மைக் தேவைப்படவில்லை. யாரும் என்னைக் கேட்கவுமில்லை.

எங்கள் அணியின் ஓர் ஆட்டக்காரர் முதல் பகுதியில் ஒரு கோல் போட்டார். இரண்டாம் பகுதியில் இன்னொன்று. தோழியும் வடக்கத்தியாளும் கையைத் தட்டிக்கொண்டார்கள். இடைவேளையில் ஒரே காகிதத் தட்டிலிருந்து நாச்சோஸ் சாப்பிட்டார்கள். "அந்த ரூம் சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம்?" என்று வடக்கத்தியாள் கேட்டாள். நான் பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்து தோழி அவள் முழங்காலைத் தட்டினாள். நான் ஐஸைத் துடைக்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பகுதியில் அதே ஆட்டக்காரர் மூன்றாவது கோலைப் போட்டார். எல்லோரும் எழுந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். நான் கையை நீட்டி என் தோழியின் தலையிலிருந்த தொப்பியை எடுத்தேன், எறிந்தேன். கல்லூரி த்ரோபால் டீமில் இருந்த கை. தொப்பி கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் போய், வெள்ளை ஐஸின் மேல் சறுக்கி நின்றது.

கூடவே நூறு தொப்பிகள் விழும், அதில் இதுவும் ஒன்றாகிவிடும் என்பது என் கணக்கு. புத்தகத்தில் அப்படித்தான் படம் இருந்தது. ஆனால் அது டல்லாஸ். அந்த வழக்கத்தை அறிந்தவர்கள் அங்கே குறைவு. அறிந்திருந்தாலும் கௌபாய் தொப்பியைக் கழற்றி எறிகிறவர் யார். ஐஸ் மேல் மொத்தம் ஆறேழு தொப்பிகள்தான் கிடந்தன. எங்கள் பக்கத்திலிருந்து விழுந்தது ஒன்றே ஒன்று. யாருடைய கண்ணுக்கும் தப்பாத பச்சை. ஓர் ஆட்டக்காரர் அதன் மேல் ஏறிப் போனார்.

வடக்கத்தியாள் படியிறங்கிப் போனாள். ஆட்டம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு, மைதானத்து ஊழியர் ஒருவரோடு பேசித் தொப்பியை வாங்கிக்கொண்டு வந்தாள். ஈரமாக இருந்தது. முன்விளிம்பில் ஸ்கேட் கத்தி ஏறிய வெட்டு. அவள் உள்பட்டையைத் திருப்பிப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

"அப்பா எத்தனையோ தொப்பி எறிந்திருக்கிறார்," என்றாள் ஆங்கிலத்தில், மெதுவாக. "இதை மட்டும் எறிந்ததில்லை."

என் தோழி முந்திக்கொண்டாள். அவளுடைய அந்த வேகமான, அழகான ஆங்கிலத்தில், "இவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டத்தைப் பற்றியே எதுவும் தெரியாது. யாரோ எறிவதைப் பார்த்து இவளும் எறிந்துவிட்டாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதே," என்றாள்.

வடக்கத்தியாள் தலையாட்டினாள். அவள் முகம் இளகியது. நான் அப்போது செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டிருப்பது. பாவம் ஒன்றும் தெரியாதவள் என்று அவர்கள் இருவரும் என்னை மன்னித்திருப்பார்கள். ஃபிரிட்ஜில் இருக்கும் காகிதத்துக்கும் அது நல்லதாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியும்," என்றேன். "மூன்று கோல் போட்டால் தொப்பி எறிவார்கள் என்று தெரியும். இது யாருடைய தொப்பி என்றும் தெரியும். தெரிந்துதான் எறிந்தேன்."

என் ஆங்கிலத்தில் அன்றைக்கு ஒரு பிழையும் இல்லை.

வெளியே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காரில் நாங்கள் இருவர் மட்டும். அவள் ஃப்ரீவே ஏறினாள். நான் வழி சொல்லவில்லை. இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டோம்.

"உனக்காகத்தாண்டி பொய் சொன்னேன்," என்றாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நீ எப்படிச் சொல்லலாம்?"

"அதுவா உனக்கு இப்ப முக்கியம்?"

"ஐசிங்னா என்னன்னு உன் வடக்கத்தியாளைவிட நல்லாச் சொல்லுவேன். நீ எப்பவாவது கேட்டியா?"

அவள் இண்டிகேட்டர் போட்டு லேன் மாறினாள். "அவங்கப்பா தொப்பிடி அது," என்றாள். அடுத்த எக்ஸிட்டில் இறங்கும்போது, "என்னை விடமாட்டேன்னு சொல்றதுக்கு உனக்கு வேற வழியே தெரியலையா?" என்று கேட்டாள்.

அதற்கு உண்மையான பதில், 'தெரியாது' என்பதுதான். நான் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தபோது ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் இருந்தது. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை அவள் காப்பெலுக்குப் போனாள். சண்டை எதுவும் இல்லை. தட்டுகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தோம். காரை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் சொல்ல, நீ ஓட்டக் கத்துக்கோ என்று அவள் சாவியை மேஜை மேல் வைத்தாள். குக்கர் அவளுடையது. பழைய வெயிட் தொலைந்து போய், வேறு வெயிட் வாங்கிப் போட்டது நான். அதைக் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு குக்கரோடு சேர்த்தே பெட்டியில் வைத்தேன். வாசலில் வடக்கத்தியாளின் வண்டி நின்றது. அவள் இறங்கி வந்து எனக்கும் ஒரு ஹலோ சொன்னாள், பெட்டியைத் தூக்கினாள். தலையில் அந்தத் தொப்பி இருந்தது. வெட்டைப் பச்சை நூலால் தைத்திருந்தது. என் தோழியின் தையல் எனக்குத் தெரியும், ஹாஸ்டலில் என் பாவாடை நாடாக்கள் எல்லாம் அவள் தைத்தவைதான்.

அணி முதல் வருஷமே பிளே ஆஃப் வரை போனது. ஊரே அதைப் பற்றிப் பேசியது. நான் எண்ணெய் தேய்த்த தலையோடு, சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தேன். கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஆறாவது வரிசையைத் தேடினேன். ஒரு முறை பச்சையாக ஏதோ தெரிந்தது. யார் தலையில் என்று பார்ப்பதற்குள் கேமரா நகர்ந்துவிட்டது.

விசில் அடித்தது. டிவியில் காரணம் சொல்வதற்கு முன்னால், "ஐசிங்," என்று நான் வாய்விட்டுச் சொன்னேன்.