கை நனைக்காத வீடு

என் மாமியார் இருசம்மாளை வேப்பந்தட்டையில் சிலோன்காரி என்றுதான் சொல்வார்கள். இலங்கை மலையில், தேயிலைத் தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். எழுபதுகளில் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது, சிறுமியாகத் தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தார். இங்கே பருத்திக்காட்டிலும் வெங்காயக்காட்டிலும் கூலிவேலை, பிறகு கல்யாணம், ஒரே பிள்ளை. தேங்காய்ப்பூ போட்டு அவர் சுடும் ரொட்டி எங்கள் தெருவில் பிரசித்தம்.

அவருடைய அக்கா கலியம்மாள் அங்கேயே தங்கிவிட்டார். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டதுதான் காரணம். வழியனுப்ப வந்த மகளிடம் அவர்கள் அப்பா, "ஒன் வூட்டுல எங்க ஆளுங்க யாரும் கை நனைக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறினாராம். அத்தை இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சொன்னவர் செத்துப் பல வருஷமாகிவிட்டது. அந்தப் பேச்சும் அவரோடு போய்விட்டது என்பது அத்தையின் நினைப்பு.

2004இல் பெரம்பலூரிலிருந்து இலங்கையிலுள்ள கதிர்காமம் கோயிலுக்கு ஒரு கூட்டம் கிளம்பியது. அத்தையும் நானும் சேர்ந்துகொண்டோம். கண்டியில் எங்களுக்கு ஒரே ஒரு பகல் ஓய்வு கிடைத்தது. கலியம்மாள் பெரியம்மாவின் மகன் அருள்முருகன் வேனோடு வந்து நின்றார்.

மலை ஏற ஏற அத்தை சின்னப்பிள்ளையாகிவிட்டார். வழியில் கண்ட கடையெல்லாம் நிறுத்தச் சொன்னார். ரம்புட்டான், அவித்த சோளம், சட்டித் தயிரில் கித்துள் பாணி என்கிற பாகை ஊற்றி ஒரு கிண்ணம். ஒரு வளைவில் பலகைக் கடை. அங்கே ரொட்டியும், தொட்டுக்கொள்ளக் காரமான கட்டச்சம்பலும். அதைப் பிட்டு வாயில் வைத்தவர், இன்னும் இரண்டு வாங்கித் தின்றார்.

"வயித்துல கொஞ்சம் எடம் வைங்க சித்தி. அம்மா விடியக்காலையிலேருந்து அடுப்படியிலயே நிக்குது" என்றார் அருள்முருகன்.

"போடா. முப்பது வருசத்துப் பசிடா இது. ஒங்கம்மா ஆக்குனதையும் சேத்து தின்னுட்டுத்தான் போவேன்."

"அப்ப வேன் டயருதான் பாவம்."

அத்தை அவர் முதுகில் ஒன்று வைத்தார். அதற்கப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். நாலைந்து வளைவு தாண்டியதும் அத்தை வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினார். தின்றதெல்லாம் வெளியே வந்துவிட்டது. முகம் வெளுத்து, கண்ணை மூடியபடியே மீதி வழியும் வந்தார்.

லயத்து வாசலில் அக்காளும் தங்கச்சியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். உள்ளே பாய் விரித்து, வாழையிலை போட்டிருந்தது. இதற்கென்றே வளர்த்த கோழியாம். வல்லாரைச் சம்பல், பலாக்காய்க் கறி. குழம்பு வாசனை மூக்கில் ஏறியதும் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கு வேணாங்க்கா. இப்ப ஒண்ணும் எறங்காது."

"ஒரு வாய் சாப்புடு இருசு."

"அய்யோ, வேணாங்க்கா. அந்தப் பக்கம் கொண்டு போ."

அத்தை திரும்பி உட்கார்ந்துகொண்டார். பெரியம்மாவின் கையிலிருந்த கரண்டி சட்டிக்கு மேலேயே நின்றது. வழியில் சாப்பிட்டதையும் வாந்தியையும் அருள்முருகன் சொன்னார். பெரியம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்கு மட்டும் பரிமாறினார். நான் சாப்பிட்டேன். மருமகள் சாப்பிட்டது அங்கே கணக்கில் வரவில்லை.

அத்தை சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார். பெரியம்மா அவருக்குப் போட்ட இலையைச் சத்தமில்லாமல் எடுத்து மடித்தார். ஒரு பருக்கை படாத இலை.

பொழுது சாய்வதற்குள் கண்டிக்குத் திரும்ப வேண்டும். வேனருகில் வந்த பிறகுதான் பெரியம்மா சொன்னார். கோபமே இல்லாத குரல்.

"அப்பா பேச்ச காப்பாத்திட்ட இருசு."

அத்தைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, அப்புடியா நெனச்ச? எடு சோத்த, இப்பவே திங்கிறேன்" என்று வீட்டுப்பக்கம் ஓடினார். பெரியம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"கட்டாயத்துக்குத் திங்க வேணாம்டி. எங்க வூட்டுச் சோறு எங்களோட இருக்கட்டும்."

இறக்கம் முழுக்க அத்தை அழுதுகொண்டே வந்தார். "வழியில அந்தக் கடையெல்லாம் யாருடி என்னைய திங்கச் சொன்னது?" என்று என்னைக் கேட்டார்.

திரும்பப் போகலாம் என்றிருந்தோம். மறுபடி அங்கே சண்டை மூண்டுவிட்டது. இந்த 2007 வரை போனில்தான் பேச்சு. பெரியம்மா எல்லாம் விசாரிப்பார்: மழை, வெங்காய விலை, என் பிள்ளையின் பள்ளிக்கூடம். நம் பக்கத்தில் போனை எடுத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்றுதான். அதை மட்டும் அவர் கேட்பதே இல்லை.

போன வாரம் அத்தை தானாகவே, "நான் சாப்புட்டங்க்கா" என்றார்.

பெரியம்மா, "அங்க வெயிலு எப்புடி?" என்று கேட்டார்.