கட்டிப் போட்ட மெஷின்

1. போன்

“அக்கா, மெஷின் நிக்குதில்ல. கட்டி வச்சும் நிக்குதில்ல.”

சாம்பல்தீவிலிருந்து ரஞ்சினி என்ற பெண் போனில் சொன்ன முதல் வசனம் இது. நிற்காமல் ஓடும் மெஷின் எனக்குப் பழக்கம். கட்டி வைத்த மெஷின் பழக்கமில்லை.

“எதைத் தங்கச்சி கட்டி வச்சிருக்கிறீங்கள்?”

“மெஷினைத்தான். ஸ்பின் போட்டா நடக்குது. போன கிழமை பாத்ரூம் கதவு வரைக்கும் வந்து, கதவைத் திறக்க விடாம நிண்டது. அதுக்குப் பிறகு இவர் கயிறு போட்டுக் கட்டினவர். இப்ப நடக்கேல்ல, இடிக்குது.”

ரஞ்சினியின் அவசரம் வேறு. நிலாவெளியில் ஒரு கெஸ்ட்ஹவுஸ் வைத்திருக்கும் அம்மா ஒரு மூட்டை பெட்ஷீட்டைக் கொடுத்து, “நாளைக்குக் காலமை கொண்டு வாங்கோ. வடிவா இருந்தா இந்த சீசன் முழுக்க உங்களுக்குத்தான், இல்லாட்டி டவுன் லோண்டரிக்குக் குடுப்பன்” என்று சொல்லியிருந்தார். தடித்த சீட்டுகள். கையால் பிழிந்தால் வெயில் போவதற்குள் காயாது.

திருகோணமலை நகரில் வாஷிங் மெஷின் திருத்துவது என் தொழில். யாரும் எனக்கு இதைப் படிப்பிக்கவில்லை. என் வீட்டு மெஷினைக் கழற்றினேன், பூட்டினேன், ஒரு ஸ்குரூ மிஞ்சியது. மெஷின் இன்னும் ஓடுகிறது. ஸ்குரூ இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது. ரஞ்சினியிடம் மெஷினின் மொடலைக் கேட்டு, அதற்குரிய சஸ்பென்ஷன் றொட் செட் ஒன்றை ஸ்கூட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

2. தொங்கும் தொட்டி

ரஞ்சினியின் கணவர் தவம் கடல் தொழில் செய்கிறவர். பாத்ரூமுக்குள் எட்டிப் பார்த்தேன். மெஷினின் இடுப்பைச் சுற்றி நீல நைலோன் கயிறு. அதன் மறுமுனை யன்னல் கம்பியில். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் பழைய டயர்த் துண்டு ஒன்று. இறங்குதுறையில் போட் கட்டுகிற மாதிரி, குறையில்லாத வேலை.

“ஆடுற சாமானைக் கட்டாம விடலாமே, அக்கா?” என்றார் தவம். “மாரிக் காத்துக்கும் நிண்ட முடிச்சு இது. என்ர முடிச்சு தானா அவிழ்ந்ததெண்ட கதையே இல்லை.”

“நல்ல முடிச்சுத்தான். நான் வேலை செய்ய வேணும்.”

அவர் முடிச்சை அவிழ்க்கவில்லை. வளையத்தை மெஷினின் தலைக்கு மேலால் கழற்றி, பக்குவமாக யன்னலில் தொங்கவிட்டார்.

பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து தொட்டியைக் கையால் அமுக்கி விட்டேன். நல்ல மெஷின் என்றால் ஒரு தரம் எழும்பி அமைதியாகிவிடும். இது தலையாட்டிக்கொண்டே இருந்தது. வெளியே ஆடுகிற பெட்டியைப் பார்த்து ஒன்றும் தெரியாது. உள்ளே தொட்டி நான்கு மூலையிலும் நான்கு றொட்டில் தொங்குகிறது. ஒவ்வொரு றொட்டின் அடியிலும் ஒரு ஸ்பிரிங், ஒரு பிளாஸ்டிக் கப். மெஷினைச் சரித்து அடியில் பார்த்தேன். கடல் காற்றில் ஸ்பிரிங் துருவேறி, கிறீஸ் காய்ந்து, ஒரு மூலையில் கப் வெடித்திருந்தது. பெட்டியை நகர விடாமல் கட்டியதால் இடி முழுவதும் அந்த மூலைக்கே போயிருக்கிறது.

நான்கு புது றொட்டையும் எடுத்து வைத்ததைக் கண்டு தவம் கேட்டார், “ஒண்டுதானே உடைஞ்சது. ஏன் நாலையும் மாத்துறீங்கள்?”

“மூண்டு கிழவரும் ஒரு இளந்தாரியுமாப் பாரம் தூக்கினா என்ன நடக்கும், தம்பி?”

“கிழவர் பக்கம் சரியும்.”

“அதுதான்.”

“எங்கட போட்டிலயும் இப்பிடித்தான்” என்றார். ரஞ்சினி, “உங்கட போட்டில ஆர் இளந்தாரி?” என்று கேட்டாள்.

மேல் மூடியைக் கழற்றினேன். தவம் தொட்டியைத் தூக்கிப் பிடிக்க, நான் மூலை மூலையாகப் பழைய றொட்டைக் கழற்றிப் புதியதைக் கொளுவினேன். இஞ்சின் தூக்கிப் பழகிய கை. தொட்டி அசையவே இல்லை. பூட்டி முடித்து வெறுந்தொட்டியைச் சுழற்றிப் பார்த்தேன். சத்தமில்லை. கிறீஸ் கையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். ரஞ்சினி தேத்தண்ணி தந்தாள். பிறகு உள்ளே போய் சீட்டுகளைப் போட்டு மெஷினைத் தொடக்கினாள்.

அலசி முடிந்து ஸ்பின் தொடங்கியது. டக், டக், டக். நின்றது. மறுபடி தண்ணீரை நிரப்பிக்கொண்டு முதலிலிருந்து அலசத் தொடங்கியது.

“அக்கா!” ரஞ்சினி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். “வெயில் போகுது, அக்கா.”

உள்ளே ஓடினேன். நீலக் கயிறு மெஷினின் இடுப்பில் இருந்தது. முன்னையிலும் இறுக்கமாக.

“புதுச் சாமான் போட்டிருக்கு” என்றார் தவம். “கொஞ்சம் உறுதியாக் கட்டுவமெண்டு பாத்தனான்.”

கயிறு இழுத்த இழுப்பில் பெட்டி யன்னல் பக்கம் சரிந்து நின்றது. தொட்டி நேராகத் தொங்கும். சரிந்த பெட்டியில் இடிக்கும். பாரம் ஒருபக்கம் என்று மெஷின் நினைத்து நின்றுவிடும். றொட்டில் பிழையில்லை.

“அவிழுங்கோ தம்பி.”

அவர் முடிச்சில் கை வைத்தார். நகத்தால் இழுத்தார். பல்லால் இழுத்தார். ஈரமும் ஆட்டமும் சேர்ந்து அதைக் கல்லாக்கியிருந்தன. இந்த முறை வளையம் தலைக்கு மேலாலும் வரவில்லை.

ரஞ்சினி குசினிக்குப் போய் மீன் வெட்டும் கத்தியோடு வந்தாள்.

“ஏய், அது போட்டுக்கு வாங்கின புதுக் கயிறு!”

“என்ர வேலையும் புதுசுதான்” என்று சொல்லி அறுத்தாள்.

பெட்டி நேராக நின்றது. கால் ஒன்று தரையில் முட்டவில்லை. திருகி முட்ட வைத்தேன். சீட்டுகளைத் தொட்டியைச் சுற்றிச் சமமாகப் பரப்பச் சொன்னேன். மறுபடி ஸ்பின். தவம் இரண்டு கையையும் விரித்து மெஷினுக்கு முன்னால் நின்றார். மெஷின் ஒருமுறை சிலிர்த்தது, பிறகு ஒரே சீராக ஊதிக்கொண்டு சுழன்றது. அவரிடம் அது வரவேயில்லை.

சீட்டுகள் பாதி காய்ந்தே வெளியே வந்தன. கொடியில் விரித்தபோது வெயில் இன்னும் இருந்தது.

3. மறுநாள்

ரஞ்சினி எனக்குப் போன் பண்ணினாள். கெஸ்ட்ஹவுஸ் அம்மா சீட்டை விரித்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, முகர்ந்தும் பார்த்தாராம். பிறகு உள்ளே திரும்பி வேலையாட்களிடம், “மிச்ச மூட்டையையும் கொண்டு வந்து ஓட்டோவில ஏத்துங்கோ” என்றாராம்.

“மெஷின் நடக்குதோ?”

“அது அசையேல்ல, அக்கா. இவர்தான் ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் வந்து பக்கத்தில நிக்கிறார்.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பையைத் திறக்கும் முன், “நான் வர முன்னம் என்ன செய்தனீங்கள்?” என்று கேளுங்கள். வேலை முடித்துக் கை கழுவப் போய் வந்தபின் அதையே இன்னொரு முறை கேளுங்கள். எந்த வீட்டிலும் தங்கள் கைக்குத் தெரிந்த வைத்தியத்தை முதலில் செய்து பார்த்திருப்பார்கள். இறக்கக்கண்டியில் ஒரு மேசன், ஆடிய மெஷினின் நான்கு காலையும் தரையோடு சேர்த்து சீமெந்து போட்டிருந்தார். “இனி ஆடாதுதானே, அக்கா?” என்று கேட்டார். ஆடவில்லைதான். அதை வெளியே எடுக்கச் சீமெந்தை உடைக்கிற அலவாங்கு என் பையில் இல்லை; அவருடையதைத்தான் கேட்டு வாங்கினேன்.