தட்டைக் கீழே வைத்த சம்பந்தி

நாலைந்து வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி முகூர்த்த நாளில், மதுரை திருநகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. அன்று என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சமயநல்லூரிலிருந்து வந்திருந்தார்கள். கூடம் முழுக்கச் சமுக்காளம் விரித்து, உட்கார இடமில்லாமல் படிக்கட்டு வரை ஆட்கள். மல்லிகை வாசமும் சாம்பார் கொதிக்கும் வாசமும் கலந்து வீடே வேறு வீடாகத் தெரிந்தது. இன்று மகள் வெளியூரில் இருக்கிறாள். அதே கூடத்தில் நானும் என் மனைவியும் மட்டும் டிவி பார்க்கும்போது, அன்றைய கூட்டத்தின் சத்தம் அடிக்கடி நினைவுக்கு வரும். கூடவே அடிவயிறும் ஒருமுறை இறுகும்.

எனக்கு அதற்கு முன்பே சிறுநீர்த் தொல்லை இருந்தது. போய் நின்றால் உடனே வராது. வந்தால் விட்டு விட்டு வரும். முடிந்தது என்று திரும்பினால் மறுபடி போகச் சொல்லும். புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். கொஞ்சம் குறைந்ததும் நிறுத்திவிட்டேன். வரன் பார்க்கிற நேரத்தில் பெண்ணின் அப்பா நோயாளி என்ற பேச்சு வெளியே போய்விடக் கூடாதே என்று மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை.

அன்று பார்த்து ஜலதோஷம். மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். காலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் போனது. வந்தவர்களோடு காபி, இளநீர் என்று குடித்தும் வைத்தேன்.

எங்கள் பக்கம் நிச்சயத்தில் இரண்டு அப்பாக்களும் எதிரெதிரே உட்கார, பெரியவர் ஒருவர் பத்திரிகை வாசித்து முடித்ததும் வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொள்வோம். உட்கார்ந்துவிட்டால் தட்டு மாறும் வரை எழக் கூடாது. எழுந்தால் தடங்கல் என்பார்கள். பெரியவரோ தாத்தா, கொள்ளுத்தாத்தா, பூர்வீகம் என்று நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு கல்லாகிக்கொண்டிருந்தது. சட்டை நனைந்து, கண்ணில் நீர் முட்டியது.

"மகளப் பிரியப் போறோம்னு அத்தானுக்கு இப்பவே கண்ணு கலங்குது பாருங்க" என்றாள் என் கொழுந்தியாள். எல்லோரும் என்னைப் பாசமாகப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடக்கி மடக்கி வைத்துக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்தார். சட்டென்று கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. நான் பாத்ரூம் போயிட்டு வாரேன்."

அவருடைய அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டா, தட்டு மாத்துற நேரத்துலயா? நீ என்ன சின்னப்புள்ளையா?"

"வயசாயிருச்சுல்ல அத்த. தட்டு எங்கிட்டும் ஓடிராது. சம்மந்தி, எந்திரிச்சு வாங்க, வழியக் காட்டுங்க."

கூடமே சிரித்தது. அவர் கவலைப்படவில்லை. கொல்லைப்பக்கம் போனதும், "மொதல்ல நீங்க போங்க" என்றார். போனேன். ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

"வரலையா? எம்புட்டு நேரமா?"

"காலைலருந்தே சரியா வரல. தயவுசெஞ்சு யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்றேன்.

"மாத்தி முடிச்ச கையோட கார்ல ஏறுறோம்" என்றார்.

திரும்பி வந்ததும் பெரியவரிடம், "பேரும் தேதியும் மட்டும் வாசிங்கண்ணே, பசிக்குது" என்றார். அத்தை மறுபடி முறைத்தார். தட்டை மாற்றிக்கொண்டோம். எல்லோரும் பந்திக்கு நகர, "சம்மந்திக்குக் கல்யாணத்துக்குப் பாத்த மண்டபத்தக் காட்டிட்டு வந்துர்றேன்" என்று சொல்லி என்னைக் காரில் ஏற்றினார். ஆஸ்பத்திரி போகும் வழியில் எத்தனை வேகத்தடைகள் இருக்கின்றன என்பதை அன்றுதான் அறிந்தேன்.

டியூப் போட்டதும் சிறுநீர் வடிந்து வயிறு தளர்ந்தது. வலி போன நிம்மதியில் அழுதுவிட்டேன். இப்படி அடைத்துக்கொண்டே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் ஜலதோஷ மாத்திரையைக் கேட்காமல் போடக் கூடாது, இனி ஆபரேஷன்தான் நல்லது என்றார் டாக்டர்.

கட்டிலில் படுத்தபடி, "நீங்க சம்மந்தத்த யோசிச்சுக்கங்க" என்றேன் அவரிடம்.

"எதுக்கு யோசிக்கணும்? எனக்கும் இதே ஆபரேஷன்தான், முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. உங்க வீட்ல அம்புட்டு இளநி குடிச்சேன். அப்புறம் பாத்ரூம் பக்கம் போனேனா, பாத்தீங்களா?"

அப்போதுதான் உறைத்தது. பாத்ரூம் போகணும் என்று எழுந்தவர் போகவே இல்லை.

விஷயம் தெரிந்ததும் என் மனைவி, "சம்மந்தியண்ணனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலயே" என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. ஆனால் ஆபரேஷன் அன்று கையை விடவே இல்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். வெளியே கத்தி படாமல், சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு அடைத்திருந்த சதையைச் செதுக்கி எடுத்தார்கள். பிறகு உள்ளே மருந்துத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, டியூபில் மாட்டிய பையில் அது இரத்தம் கலந்து இறங்கியது. எனக்குப் பயம். சம்பந்தி வந்து பையைத் தூக்கிப் பார்ப்பார். "இது நன்னாரி சர்பத். சாயங்காலம் ரோஸ்மில்க். நாளைக்குப் பன்னீர் சோடா, பாருங்க." அவர் சொன்னபடியேதான் நிறம் தெளிந்தது. வார்டில் அடுத்த கட்டில்காரர்களும் தங்கள் பையைக் காட்டி அவரிடம் கேட்க ஆரம்பித்தார்கள்.

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். புற்றுநோயாக இருந்தால் மகள் கல்யாணத்தைப் பார்ப்பேனா என்று அந்த நாட்களில் தூக்கமே இல்லை. ஒன்றுமில்லை என்று வந்தது. டியூபை எடுத்தபின் கொஞ்ச காலம் எரிச்சலும் கசிவும் இருந்தன. அதுவும் மெல்ல நின்றது.

தையில் கல்யாணம். தாரை வார்க்க உட்கார்ந்திருந்தபோது, எதிரிலிருந்து சம்பந்தி புருவத்தைத் தூக்கி, போகணுமா என்பதுபோல் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ரெண்டு கிழடும் எதுக்குச் சிரிக்குதுக?" என்றார் அதே அத்தை.

மகள் போகப்போகும் வீட்டைப் பற்றி ஜாதகம், வேலை, அக்கம்பக்கம் என்று எத்தனையோ பேரிடம் விசாரித்திருந்தேன். எனக்கு வேண்டிய பதில், அன்று அந்தத் தட்டு சமுக்காளத்தில் வைக்கப்பட்டபோதே கிடைத்துவிட்டது என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.