கருமண்ணில் எழும்பிய ஆறு வீடுகள்

பொங்கியண்ணனுக்கு உட்கார்ந்தால் முதுகு அரிக்கும், படுத்தால் பாய் குத்தும். சூலூர்ப் பக்கம் பிறந்த நாள் முதலாகவே அப்படித்தான். கல்யாணத்தன்று மணவறையில் உட்கார வைத்திருந்தபோதுகூட, நடுவில் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர் என்று அவர் மனைவி சாமியாத்தாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்ட மனுஷன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் வீடு கட்டி வாடகைக்கு விடக் கிளம்பினார். சிங்காநல்லூரைச் சுற்றி மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த காலம். சங்கு ஊதினால் ஜனம் திமுதிமுவென்று வெளியே வரும். அத்தனை பேருக்கும் தலை சாய்க்க இடம் கிடையாது. மாட்டுக் கொட்டகையைக்கூட வாடகைக்குக் கேட்டு அலைந்தார்கள். பொங்கியண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழையை நம்பிக் கிடந்த மேட்டாங்காட்டை விற்றுவிட்டு, மில்லுக்குப் பக்கத்தில் இடம் தேடினார். அவருக்கென்று இருந்த நிலம் அது ஒன்றுதான். இந்தக் காரியம் கவிழ்ந்தால் புருஷனும் பெண்டாட்டியும் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

இரண்டு இடம் வந்தது. ஒன்று செம்மண் சரளை. கடப்பாரை போட்டால் கை அதிரும், முள்ளைத் தவிர ஒன்றும் முளைக்காது. இன்னொன்று கருமண். பொங்கியண்ணன் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்தார், மோந்து பார்த்தார், முகம் மலர்ந்துபோயிற்று. பருத்தி நெஞ்சு உயரத்துக்கு வருமே இதில்! சரளைக்காரனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொத்தனார் ஐயாசாமி தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க, ஊடு கட்டப் போறீங்களா, பருத்தி போடப் போறீங்களா?"

"நல்ல மண்ணு எதுக்கும் நல்ல மண்ணுதான். நீ கரண்டியப் புடி."

அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டும்போது அடுத்த வம்பு. அடியில் சரளை தட்டும்வரை தோண்டி, கருமண்ணையெல்லாம் வெளியே எறிந்துவிட்டு மணல் போட்டு நிரப்ப வேண்டும் என்றார் ஐயாசாமி. பொங்கியண்ணனுக்கு வயிறு எரிந்தது. அவருடைய அப்பன் இப்படி ஒரு மண்ணுக்காக ஆயுசெல்லாம் ஏங்கிச் செத்தவர். அதை அள்ளி ரோட்டோரம் கொட்டுவதா? முழங்கால் ஆழம் போதும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். விவசாயி புத்தியைப் பாருங்கள்! வேறு எவனாவது மண்ணுக்குப் பரிதாபப்பட்டு வீட்டைக் கெடுப்பானா?

பங்குனியில் வரிசையாக ஆறு வீடு எழும்பி, ஆறுக்கும் ஆள் வந்துவிட்டது. காடு இருந்தவரை காலையும் மாலையும் அதைச் சுற்றி வந்த கால் சும்மா இருக்குமா? இப்போது வீடுகளைச் சுற்ற ஆரம்பித்தது. "அடுப்பச் செவுத்த ஒட்டி வெக்காதீங்க" என்பார். "இங்க எதுக்கு ஆணி அடிச்சீங்க?" என்பார். கேட்காமல் உள்ளே நுழைவார், மூலை முடுக்கெல்லாம் பார்ப்பார். குடியிருப்பவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

மூன்றாம் வீட்டு ராமாமணி அப்படி இருக்கிற ரகம் இல்லை. பெரியநாயக்கன்பாளையத்துப் பெண். புருஷனும் அவளும் மில் வேலை; கைக்குழந்தை ஒன்று. புரட்டாசியில் ஒரு நாள் அவள் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது இவர் பாட்டுக்கு உள்ளே வந்து நின்றார்.

"ஏனுங்க, உங்க காட்டுக்குத்தான் கதவில்ல. ஊட்டுக்கு இருக்குதுங்க. வாடகை குடுக்கறமுங்கல்ல? கூப்புட்டா வாங்க."

சொல்லிவிட்டு அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பொங்கியண்ணனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. கூப்பிடாமல் அந்த வாசலை மிதித்தால் என் பேர் பொங்கியண்ணன் இல்லை என்று வீம்பாக வீட்டிலேயே கிடந்தார். கிடந்தார் என்றா சொன்னேன்? எங்கே கிடந்தார்! ஒரே மாட்டை ஒரு நாளில் நாலு தரம் இடம் மாற்றிக் கட்டினார். கிணற்றடிக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"அந்த மாட்டக் கொஞ்சம் உடுங்க. நாலு கால் இருந்தாலும் அதால உங்களுக்கு ஈடு குடுக்க முடியுமுங்களா?" என்றாள் சாமியாத்தாள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது, விடவில்லை. நாலாம் நாள் ராமாமணியே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கதவு சாத்த மாட்டேங்குதுங்க. செவுத்துல வெடிப்பு உட்டுப்போச்சு. வந்து பாருங்க."

அவளே கூப்பிட்டுவிட்டாள் என்ற கெத்தோடுதான் நடந்தார் பொங்கியண்ணன். பின்சுவரைப் பார்த்ததும் கெத்து எங்கே போயிற்றோ! வெடிப்பில் விரல் நுழைந்தது. நாலு விரலும் நுழைந்தது. கோடையில் கன்றுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிளக்கிற மண், மழையில் ஊறி உப்புகிற மண். கருமண் அப்படித்தான் என்று சின்ன வயதிலிருந்து பார்த்தவர்தானே அவர்? தெரிந்தே, அதன் தலையில் சுவரை ஏற்றிவிட்டாரே! வெட்கத்தில் காது சுட்டது.

ஐயாசாமி வந்து பார்த்துவிட்டு அவர் காதோடு சொன்னார். "சுண்ணாம்பு போட்டு அடச்சு, வெள்ளையடிச்சுப்போட்டா ஒண்ணுந் தெரியாதுங்க. தை வரைக்கும் தாங்குனாலும் தாங்கும்."

சரி என்ற சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. இடித்துக் கட்டுவதென்றால் சாமியாத்தாளின் காதில் கிடப்பதைத்தான் கழற்ற வேண்டும். அப்போதுதான் சுவரடியில் விரித்திருந்த சின்னப் பாய் கண்ணில் பட்டது. குழந்தையின் பாய்.

"சட்டி பானையெல்லாம் எடுங்க, அம்மணி. இன்னிக்கே."

ராமாமணிக்கு முகம் சிவந்தது. "இந்த மழையில எங்கீங்க போறது? அன்னிக்குப் பேசுனதுக்கு இப்படியா பழி வாங்கறீங்க?"

அந்தச் சொல் அவரைச் சுருக்கென்று தைத்தது. "எங்க ஊட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டித் தாமே தூக்கிக்கொண்டார்.

சுவர் விழவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள் ஆயிற்று. அது பாட்டுக்கு நின்றது. பொம்பளை எதிர்த்துப் பேசினாள் என்று வெளியே தள்ளிவிட்டார் என ஆறு வீட்டிலும் பேச்சு. ராமாமணி அவர் வீட்டிலேயே சோறு தின்றுகொண்டு அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாமியாத்தாள்கூட, "பூசியே உட்டிருக்கலாமுங்களோ?" என்று கேட்டுவிட்டாள். பொங்கியண்ணன் சாக்கை மடித்துத் தலைக்கு மேல் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு மழையில் அந்தச் சுவருக்கு எதிரில் நிற்பார், நடப்பார், திரும்ப வந்து நிற்பார். விழுந்து தொலையேன் என்று மனசு சொல்லும். அடப்பாவி, உன் சுவர் விழ வேண்டும் என்று நீயே வேண்டுகிறாயா என்று உடனே பயந்துபோவார்.

ஆறாம் நாள் மத்தியானம், மழை விட்டு வெயில் அடித்தபோது, விழுந்தது. ஒரே சத்தம், அவ்வளவுதான்.

மில்லிலிருந்து ராமாமணி ஓடி வந்தாள். குழந்தையின் பாய் கிடந்த இடத்தில் இடுப்பளவுக்குச் செங்கல் குவிந்து கிடந்தது. பார்த்தாள். பக்கத்தில் நின்ற சாமியாத்தாளிடமிருந்து குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது ஓய்ந்ததும் பொங்கியண்ணனைப் பார்த்தாள்.

"இனி தெனமும் வந்து பாருங்க. நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேனுங்க."

பொங்கியண்ணன் தலையை ஆட்டினார். "கூப்புட்டா வாரேன், அம்மணி."

மறுநாள் சாமியாத்தாளின் காது மூளியாக இருந்தது. ஐயாசாமி ஆள் கூட்டி வருவதற்குள் பொங்கியண்ணனே மண்வெட்டியை எடுத்துக் குழியில் இறங்கிவிட்டார். கண்ணில் நீர் வழிய வழிய அந்த அருமையான கருமண்ணை வெட்டி வெட்டி ரோட்டோரம் எறிந்தார். அடியில் சரளை தட்டும்வரை அவர் நிமிரவே இல்லை.