பனியாற்றுக்குப் போர்வை தைத்த வெரேனா

வெரேனா ஜெர்யனுக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது, அவள் முதுகுப்பை தைத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலியைக்கூட யாரோ விலைக்கு வாங்கிப் போனார்கள். அவள் ஊரான லெர்ஹென் மாதிரி ஒரு மலை ஊரில் அந்த வயதுப் பெண்ணுக்கு இன்னொரு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "வந்தவனுக்கு என் சூப் பிடிக்கல, எனக்கு அவன் மீசை பிடிக்கல" என்பாள்.

அப்போதுதான் அவளுடைய அண்ணன் அம்ப்ரோஸ் வந்து கதவைத் தட்டினான். ஊருக்கு மேலே, மலைச்சரிவில் உறைந்து கிடக்கும் பனியாற்றின் மீது சறுக்கு விளையாட வருகிறவர்களை இழுத்து ஏற்றும் கம்பிப்பாதையில் அவன் மேஸ்திரி.

"உனக்குத் தையல் மெஷின் ஓட்டத் தெரியும்ல? மேல வந்து தை."

"மேலயா? எதைத் தைக்க? பனிக்குப் பாவாடையா?"

"பாவாடை இல்ல. போர்வை."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோடை தோறும் பனியாறு உருகி, கம்பியைத் தாங்கும் தூண்களின் அடி ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடினால் வெயில் பட்டுத் திரும்பிவிடும், அடியில் உள்ள பனியில் பாதிக்கு மேல் தப்பும் என்று நிறுவனம் கண்டுபிடித்து வைத்திருந்தது. விரிப்பு பாய்ச்சுருள் மாதிரி வரும். ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்காவிட்டால் காற்று தூக்கிப் போய்விடும்.

அந்த மே மாதத்திலிருந்து வெரேனா மூட்டை தைக்கும் கைமெஷினைப் பிடித்துக்கொண்டு பனியில் மண்டியிட்டு நகர்ந்தாள். முதல் வருஷம் வெள்ளை நூல். செப்டம்பரில் பிரிக்க வந்த ஆட்களுக்கு அந்தக் கண்கூசும் வெளிச்சத்தில் தையல் எது, துணி எது என்று தெரியவில்லை. கத்தியால் கண்டபடி கிழித்துவைத்தார்கள். "நீல நூல் வாங்கிக் குடுங்க, குருடனுக்கும் தெரியும்" என்று அவள்தான் சொன்னாள். மறுவருஷத்திலிருந்து நீலம்.

போர்வையை எடுத்துப் பார்த்தால் மூடிய பனி மட்டும் இரண்டாள் உயரத்துக்கு மேடாக நிற்கும், சுற்றிலும் பள்ளம். அந்த மேட்டைப் பார்த்து அவளுக்கு வந்த பெருமை முதுகுப்பை தைத்தபோது ஒருநாளும் வந்ததில்லை. பத்திரிகையில் அவள் படம் வந்தது. ரொட்டிக்கடைக்காரி அதை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டிவைத்தாள். இப்படி ஒன்பது கோடை.

பத்தாவது வருஷம் மார்ச்சில் நகரத்திலிருந்து நோயெமி என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். பனியில் பிளாஸ்டிக் துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். துணைக்கு நிறுவனம் வெரேனாவை அனுப்பியது.

"பிளாஸ்டிக்கெல்லாம் கீழ ஆத்துல, கடல்ல கிடக்கும். இந்த உச்சிக்கு அது எப்படி ஏறும்?"

"ஏற வேண்டாங்க, இறங்குது. காத்துல மிதந்து வந்து பனியோட சேர்ந்து விழுது. கண்ணுக்குத் தெரியாது."

பனியாற்றின் கீழ்விளிம்பில் இருவரும் ஆளுயரக் குழி தோண்டி, அடுக்கடுக்காகப் பனியை இரும்பு டப்பாக்களில் அள்ளினார்கள். பள்ளிக்கூடத்தில் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, நோயெமி அங்கே பனியை உருக்கி வடிகட்டினாள். நாலாம் நாள் வெரேனாவைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். கறுப்பாகப் பொடிப்பொடியாக இருந்தது வண்டிச் சக்கரத்தின் ரப்பர். சிவப்பாக ஒரு செதில், ஏதோ சாயம். நடுநடுவே சுருண்டு கிடந்தன நீல இழைகள்.

"இந்த நீலம்தான் புரியல. புதுப்பனியில கொஞ்சம்தான். போன கோடையோட அடுக்குல அப்பிக் கிடக்குது. சறுக்க வர்றவங்க ஜாக்கெட்டா இருக்கும்னு எழுதப்போறேன்" என்றாள் நோயெமி.

வெரேனா கண்ணை எடுக்கவில்லை. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு புரி. எட்டு வருஷம் விரலில் ஓடிய நூல், எவ்வளவு நைந்தாலும் அடையாளம் தெரியாதா? கிளம்பி வீட்டுக்குப் போனாள். வழியில் தெருமுனைக் கல்தொட்டியில் பனியாற்றுத் தண்ணீர் எப்போதும்போல் கொட்டிக்கொண்டிருந்தது. போகும்போதும் வரும்போதும் ஒரு கை அள்ளிக் குடிப்பது அவள் வழக்கம். அன்று கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை நூல்கண்டைக் கொண்டுபோய் நோயெமியின் மேஜையில் வைத்தாள்.

"ஜாக்கெட் இல்லம்மா. இது என் நூல்."

நோயெமி கண்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வடிதாளை மறுபடி எடுத்துவைத்து, வேறு வெளிச்சத்தில் விரிப்பின் வெள்ளையைத் தேடினாள். வெள்ளைத் தாளில் வெள்ளை இழை அதுவரை கண்ணில் படவில்லை. நீலம் ஒன்று இருந்த இடத்தில் வெள்ளை இருபது இருந்தது.

சேதி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அம்ப்ரோஸ் வாசலில் நின்றே கத்தினான்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உனக்கு? அந்தப் பொண்ணே ஜாக்கெட்டுன்னு எழுதப் போனா!"

"எழுதியிருப்பா. ஊரும் நம்பியிருக்கும். நான் எப்படி நம்புறது?"

"நாப்பது குடும்பம் அந்தக் கம்பியில தொங்குது."

"அதுல என் வீடும் ஒண்ணு, அம்ப்ரோஸ்."

ஜூனில் பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. கூட்டத்தில் எழுந்து பேசியே அறியாத வெரேனா எழுந்தாள். போர்வையே வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நைந்த விரிப்பை மறுபடி விரிக்கக் கூடாது, பிளாஸ்டிக் நூலுக்குப் பதில் சணல் நூல் வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள்.

"வெரேனா, பேசாம நீயே குடை புடிச்சுக்கிட்டு பனி மேல நின்னுடேன்! செலவு மிச்சம்" என்றான் கறிக்கடை கிலியன். மண்டபம் சிரித்து ஓய்ந்தது.

"நிக்கிறேன். நீ கறி வெட்டுற கத்தியோட வந்து தையல் பிரிக்காம இருந்தா சரி" என்றாள். இன்னொரு முறை சிரித்தார்கள். நூலுக்கு மட்டும் கைதூக்கினார்கள். நைந்த விரிப்பை மாற்றச் செலவு கட்டாது என்று சொல்லிவிட்டார்கள். போன மாதம் விரித்த போர்வையை அந்த வாரமே அவள் வரிசை வரிசையாகப் பிரித்து, சணல் நூலால் திருப்பித் தைத்தாள்.

அது விபரீதமாகப் போயிற்று. உருகும் தண்ணீரில் இரண்டு மாதம் ஊறிய சணல் இற்றுவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் தெற்கே இருந்து சூறைக்காற்று வந்த மத்தியானம், பன்னிரண்டு விரிப்புகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. பாறைகளில் அடிபட்டுக் கந்தலாகி, மேய்ச்சல் நிலம் எங்கும் உதிர்ந்தன. ஒரு வாரம் கழித்து அம்ப்ரோஸின் பசு தரையில் விழுந்தது. பசுவோடு பசு கொம்பு கோத்து மோதும் வட்டாரப் போட்டியில் இரண்டு தடவை ராணிப் பட்டம் வாங்கிய கறுப்புப் பசு. மாட்டு வைத்தியர் அதன் வயிற்றிலிருந்து எடுத்துக் காட்டியது முழம் நீள வெள்ளைக் கந்தல்.

தொழுவத்துக்கு ஓடிவந்த வெரேனாவை அம்ப்ரோஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உன் நூல்தான் கொன்னுச்சு" என்றான்.

தன் பேரில் எவ்வளவு, நைந்த துணியை விரித்தவர்கள் பேரில் எவ்வளவு என்று அந்த இடத்தில் வழக்காடவா முடியும்? அன்றோடு அவன் பேச்சை நிறுத்தினான். அவள் தையலை நிறுத்தினாள். அந்த இலையுதிர்காலம் முழுக்க, முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு பாறை பாறையாகக் கந்தல் பொறுக்கினாள். முதலில் தனியாக. பிறகு கறிக்கடை கிலியனின் மனைவி வந்தாள். புருஷன் கேலி பேசியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கூடையோடு வந்து நின்றாள், அவ்வளவுதான். முதல் பனி விழுவதற்குள் நாற்பத்தொரு மூட்டை. கையில் சிக்கியது அவ்வளவு. கையில் சிக்காத அளவுக்குப் பொடிந்ததை என்ன செய்வது?

ஊர் என்ன தீர்மானித்தாலும் பனியாறு காத்திருக்கவில்லை. பழையபடி பிளாஸ்டிக் நூலுக்கே திரும்பி, யார் யாரோ தைத்துப் போர்த்தினார்கள். நாலு வருஷத்தில் மூன்றாவது தூண் சாய்ந்தது. நிறுவனம் கம்பியை அவிழ்த்தது, போர்வைகளைக் கீழே கொண்டுபோய் எரித்தது. நாற்பது குடும்பத்தில் பாதி பிழைப்புக்குச் சமவெளிக்கு இறங்கிற்று. அம்ப்ரோஸுக்கு வீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லை. ரயிலடியில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவான்.

வெரேனா நோயெமிக்குக் கடிதம் எழுதி ஒரு வேலை கேட்டு வாங்கினாள். மாதத்தின் முதல் திங்களன்று மேலே ஏறிப் பனி அள்ளி, டப்பாவை மூடி அனுப்ப வேண்டும். பதிலில் வரும் பட்டியலை அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். போர்வை போனபின் வெள்ளையும் நீலமும் குறைந்தன, தீரவில்லை. பழைய பனி உருக உருக வெளியே வந்தன. கறுப்புப் பொடி மட்டும் கூடிக்கொண்டே போயிற்று. எந்த நாட்டுச் சாலையில் தேய்ந்த ரப்பரோ.

அறுபத்தாறாம் வயதில், பிப்ரவரியில் ஒரு திங்கள். பாதை தொடங்கும் இடத்தில் அம்ப்ரோஸ் பனிக்காலணி மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஐந்து வருஷம் பேசாத வாய்.

"டப்பாவைக் குடு."

"காலி டப்பாதானே. கனமில்ல."

"வரும்போது கனக்கும்ல."

கொடுத்தாள். மூன்று மணி நேரம் ஏறினார்கள். அவன் குழி தோண்டினான், அவள் அள்ளினாள்.

"இது மாதிரி இன்னும் எத்தனை மாசம் அள்ளணும்?" என்று கேட்டான்.

"பனி விழுற வரைக்கும்."

"விழுறதே கம்மியாத்தான் ஆயிட்டு வருது."

"ஆமா" என்றாள்.

மார்ச்சிலும் ஏப்ரலிலும் அவன் கூட வந்தான். மே மாதம் அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அந்தத் திங்களன்று தனியாக ஏறினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் முன்னால் பனி அள்ளிய கணக்கு எழுதும் நோட்டை விரித்து, சரியாக எழுதியிருக்கிறேனா பார் என்றான். 'சேகரித்தவர்' என்ற கட்டத்தில், கட்டத்துக்குள் அடங்காமல், அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் தேதியை மட்டும் திருத்திக் கொடுத்தாள்.