வெள்ளைப் பந்து கறை விடாது

திங்கட்கிழமை காலையில் எனக்கு முதல் வேலை, என் வீட்டுக்காரரின் வெள்ளைக் கால்சட்டையைத் துவைப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஈப்போவில் ஊர் நடுவே இருக்கும் திடலில் கிரிக்கெட் ஆடுவார். பந்து வீசுபவர். வீசுவதற்கு முன்னால் பந்தைத் தொடையில் வைத்துத் தேய்தேய் என்று தேய்ப்பாராம். பந்தின் சிவப்பு அப்படியே துணியில் இறங்கிவிடும். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து ரத்தம் என்று பதறி, "எங்க அடிபட்டுச்சு, காட்டுங்க" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு ஒரே ரகளை செய்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று இரவு சாதத்தை எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்துவிட்டேன்.

அந்தக் கறை லேசில் போகாது. எலுமிச்சம்பழம், சவுக்காரம், வெயில், மறுபடியும் சவுக்காரம். கை எரியும். வாயும் சும்மா இருக்காது. கிரிக்கெட்டைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே தேய்ப்பேன். ஆனால் போகப் போக அந்தக் கறையைப் பார்த்தே கதை சொல்லப் பழகிவிட்டேன். தொடையில் நீளமாக, அடர்த்தியாக இருந்தால் நிறைய ஓவர் வீசியிருக்கிறார். மங்கலாக இருந்தால் கேப்டன் சீக்கிரமே பந்தை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். முழங்காலில் புல் பச்சை இருந்தால் எங்கோ பாய்ந்து பிடித்திருக்கிறார். கறை கைப்பட்டுக் கலைந்து கிடந்தால் கோபத்தில் இருந்திருக்கிறார்.

சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும், "நேத்து உங்கள ரொம்ப நேரம் போட விட்டாங்க போல" என்பேன். "உமக்கு எப்படித் தெரியும்?" என்று கண்ணை விரிப்பார். எப்படி என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் கேட்பார். அதிலிருந்துதான் எங்கள் வீட்டில் பேச்சு ஆரம்பமாகும். மற்ற நாட்களில் சாப்பாடு, வாடகை, மழை, அவ்வளவுதான்.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் தைப்பிங்கில் பிறந்த யாழ்ப்பாணத்து ஆள், அரசாங்க அலுவலகத்தில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா வேலை. நான் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பட்டையைச் சீவிப் பால் மரம் வெட்டியவர்களின் மகள். எழுபதுகளில் எங்கள் தோட்டத்துச் சாலையை அளக்க வந்தவர்களோடு வந்தார். அளந்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் யாரும் வரவில்லை. அவர் வீட்டார் தைப்பிங்கில் வாசலை அடைத்துக்கொண்டார்கள். என் பக்கம் வாசலே இல்லாமல் போனது. ரப்பரை அழித்துத் தோட்டத்தை எண்ணெய்ச் செம்பனைக்கு மாற்றியதும் எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு திசையில் பிழைக்கப் போய்விட்டார்கள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்தான் அவருடைய சொந்தக்காரர்களில் மிச்சம். அந்தக் குழுவில் பாதிப் பேர் அவர் பேசுகிற தமிழையே பேசுகிறவர்கள், அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மாலையில் அங்கே தேநீர் உண்டு, மனைவிமார் வருவார்கள். நான் ஒரே ஒரு தடவை போனேன். அவர்கள் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் அப்புறம் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்கு மிக நீளமான நாள். பிள்ளைகள் இல்லை. வானொலியைப் பாடவிட்டு அரிசியில் கல் பொறுக்குவேன், கல் இல்லாத அரிசியில்கூட. பின் சந்தில் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டுச் சீனத்து அக்கா, "சுடா மாக்கான்?" என்று கேட்பார். சாப்பிட்டாச்சு என்பேன். இருவருக்கும் தெரிந்த மலாய் அதோடு தீர்ந்துவிடும். சில ஞாயிறுகளில் நான் நாள் முழுக்கப் பேசிய பேச்சு அது மட்டும்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை கால்சட்டையில் கறை இல்லை. மழையில் ஆட்டம் நின்றிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. எலுமிச்சம்பழம் கூடையில் காய்ந்து கிடந்தது. கை எரியாததில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

"என்னங்க, கறையே காணோம்? பந்து போடுறதில்லையா?" என்று கேட்டேன்.

அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பிறகு, "இப்ப வெள்ளைப் பந்து" என்றார்.

அடுத்த ஞாயிறு மாலை பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். ஆஸ்திரேலியாவில் படிக்கும் யாரோ ஒருவருடைய மகன் கொண்டுவந்ததாம். முட்டை மாதிரி பளபளவென்று இருந்தது. அங்கே ராத்திரியில் விளக்குப் போட்டு ஆடுகிறார்களாம், சிவப்புப் பந்து விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாதாம்.

"இஞ்சாரும், இது வேற சாமான்" என்றார். என்னை அவர் கூப்பிடுவது அப்படித்தான். "சிவப்புப் பந்தில சாயம் தோலுக்குள்ள ஊறியிருக்கும். தேய்க்கத் தேய்க்க வெளியில வரும். இதுக்கு மேலால வெள்ளை பூசியிருக்கு. கறை விடாது. விளங்குதே?"

"அப்ப இதுவும் வளைஞ்சு போகுமா?"

"முதல் கொஞ்ச ஓவருக்கு இதுதான் கூட வளையும். ஆளை ஏமாத்திப் போடும். பிறகு பூச்சு கழண்டு, ஊத்தை பிடிச்சு, ஒண்டுக்கும் உதவாது. மாத்தத்தான் வேணும். சிவப்பு அப்படியில்லை. ஒரு பக்கத்தை மினுக்கி, மற்றப் பக்கத்தைச் சொரசொரப்பா விட்டா, பழசானாலும் சொன்ன பேச்சுக் கேக்கும்."

நானும் விடவில்லை. எங்கள் தோட்டத்துப் பந்தைப் பற்றிச் சொன்னேன். மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து உருட்டிச் செய்வோம். முதலில் வெள்ளையாக இருக்கும், நாளாக ஆகப் பழுப்பாகி, கடைசியில் கறுத்து நாறும். தரையில் அடித்தால் எந்தப் பக்கம் எகிறும் என்று கடவுளுக்கே தெரியாது. என் தம்பியின் முன்பல் அதில்தான் போனது. அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நாங்கள் அவ்வளவு நேரம் பேசினோம். வெள்ளைப் பந்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அந்தப் பந்தைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்தார். ஞாயிறு காலையில் பையில் போட்டுக்கொண்டு போவார். மாலையில் மறுபடியும் கிண்ணத்தில் வைப்பார். திங்கட்கிழமை நான் தூசி தட்டும்போது அதையும் எடுத்துத் துடைப்பேன். துடைக்க அதில் ஒன்றுமே இருக்காது.

அதுதான் என் மனதை அரித்தது. ஊத்தை பிடிக்கும், மாற்றத்தான் வேண்டும் என்று அவரே சொன்னார். இதுவோ வாரங்கள் போயும் வந்த நாள் மாதிரியே இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு புல் பச்சை இல்லை. கால்சட்டையின் முழங்காலும் சுத்தம். பின்பக்கம் மட்டும் உட்கார்ந்த அழுக்கு. பெண் மனம் எங்கே போகும்? என் மனமும் அங்கேதான் போனது. எந்த வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாரோ என்று நினைத்தேன். போயும் போயும் இந்த மனுஷனை நம்பி எல்லாரையும் விட்டுவிட்டு வந்தேனே என்று பாத்திரங்களை உடைக்காத குறை.

அடுத்த ஞாயிறு அவர் கிளம்பிப் போன பிறகு நானும் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திடலில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் சாலைக்கு இந்தப் பக்கம், ஒரு கடை முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் நின்று பார்த்தேன். ஒரு இளைஞன் ஓடி வந்து வீசினான். அவன் கையில் இருந்தது சிவப்புப் பந்து. அவன் தொடையிலும் சிவப்பு. ஆடுகிறவர்களில் என் வீட்டுக்காரர் இல்லை. தேநீர் மேசைப் பக்கமும் இல்லை. பார்த்துக்கொண்டே வந்தபோது, திடலின் மறுகோடியில் பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

குழுவில் புதிதாக இளைஞர்கள் வந்துவிட்டார்கள், இவரை வரச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதை அவர் வாயால் கேட்டது பின்னால். அப்போது பார்த்த மாத்திரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து உருண்டு உருண்டு மரத்தடிக்கே போனது. அவர் எழுந்து எடுத்தார். எடுத்தவர் திருப்பிப் போட வேண்டியதுதானே? பழக்கதோஷம், தொடையில் வைத்துத் தேய்த்தார். இன்னொரு தடவையும் தேய்த்தார். ஓடி வந்த பையன் கையை நீட்டியபடி காத்திருந்தான். அப்புறம்தான் எறிந்தார். எறிந்த பிறகும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

நான் அவரிடம் போகவில்லை. போனால் அவர் எப்படித் தாங்குவார்? அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டேன். அவர் வந்தார், வெள்ளைப் பந்தைக் கிண்ணத்தில் வைத்தார், குளித்தார், சாப்பிட்டார்.

மறுநாள் கால்சட்டையின் தொடையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சிவப்பு. நான் குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். வேறு வீடு எதுவும் இல்லை என்ற நிம்மதியில் அழவில்லை. நான் இங்கே தனியாக இருக்கிறேன், அவராவது அங்கே ஆட்களோடு இருக்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அழுது முடித்து எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தேய்த்தேன். அன்று மாலை கறையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். ஞாயிறு காலை அவர் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு கிண்ணத்திலிருந்து பந்தை எடுத்தபோது, நானும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன்.

"நானும் வாரேங்க."

அவர் கை அப்படியே நின்றது. "நீர் என்னத்துக்கு? சும்மா நாள் முழுக்க வெயிலில."

"அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில வெயிலே இல்லங்க. நல்ல நெழலு லா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின் சந்தில் சீனத்து அக்கா துணி உதறும் சத்தம் கேட்டது. பந்தைத் திரும்பவும் கிண்ணத்திலேயே வைத்தார். பையையும் நாற்காலியில் வைத்துவிட்டு, வாசலில் போய்ச் செருப்பை மாட்டினார்.

"இஞ்சாரும்" என்றார், திரும்பாமலே. "குடையையும் எடும். பின்னேரம் மழை வரும்."