மருமகள் துப்பிய வட்டிலப்பம்

நோன்புப் பெருநாளன்று, கற்பிட்டியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் முன்னால் என் மருமகளை அழவைத்தேன். அவள் கல்யாணமாகி வந்து மூன்று வாரம்தான். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து நான் அவித்த வட்டிலப்பத்தைத் தள்ளிவைத்தாள்.

"வேணாம் மாமி. வழுவழுண்டு வாயில பட்டா எனக்கு ஏலாது."

எங்கள் வீட்டு இனிப்பு அவ்வளவு இளக்காரமா என்று எனக்குச் சுருக்கென்றது. கரண்டியால் அள்ளி அவள் வாயில் திணித்தேன். அவள் குமட்டித் துப்பினாள்.

"பெத்த உம்மா குடுத்த செல்லம்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

இரண்டு நாள் கழித்து மகன் கடற்கரையிலிருந்து கணவாய் மீன் கொண்டுவந்தான். கணவாய்க் கறி எனக்கு உயிர். ஆனால் பச்சையாகத் தொட்டால் அந்த வழவழப்பில் உடம்பெல்லாம் கூசும். முப்பது வருஷமாக என் வீட்டுக்காரர்தான் கழுவித் தருவார். அன்று அவர் வெளியே போயிருந்தார். நான் குசினிக்குள் நுழைந்தபோது, கணவாய் தோலுரித்துத் துண்டாக்கிச் சட்டியில் இருந்தது. மருமகளின் விரலெல்லாம் கறுப்பு மை.

"நீ ஏன் புள்ள இத செஞ்ச?"

"மாமிக்குத் தொட ஏலாதுதானே. எனக்குக் கையில பட்டா ஒண்டுமில்ல, வாயிலதான் ஏலாது."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த முப்பது வருஷத்தில் ஒருவர்கூட என் கையைப் பிடித்துக் கணவாய்ச் சட்டிக்குள் அமிழ்த்தியதில்லை.